பளபளப்பைப் பார்த்துக் காசைக் கொடுத்துவிடாதீர்கள்: லேத் பெட் கிரைண்டிங்கில் போன 58,500 ரூபாய்

பழைய லேத்தை (உலோகம் கடையும் மிஷின்) வீட்டுப் பட்டறையில் வைத்துப் புதுப்பிக்க நினைப்பவர்கள், பெட்டை, அதாவது மற்ற பாகங்கள் எல்லாம் உட்கார்ந்து ஓடும் நீளமான அடித்தளத்தை, கிரைண்டிங்குக்கு வண்டி ஏற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள். 58,500 ரூபாய் போய்விட்டது. பணத்தையாவது எப்படியோ சம்பாதித்துக்கொள்ளலாம். பெட்டிலிருந்து உரசி எடுத்த அரை மில்லிமீட்டர் இரும்பை யார் திருப்பித் தருவார்கள்?

மிஷின் நாலரை அடி பெட் உள்ள பழைய மைசூர் கிர்லோஸ்கர். 1941-ல் ஹரிஹரில் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை, கம்பெனி ஸ்பேர் என்று எதுவும் வராது. ஆனால் அருமையான வார்ப்பு. இடது முனையில் உள்ள ஹெட்ஸ்டாக் கியரில் ஒரு பல்கூட உடையவில்லை, அதற்குள் சுழலும் ஸ்பிண்டிலில் ஆட்டம் இல்லை. குறை ஒன்றுதான்: கம்பியைப் பிடித்துச் சுழற்றும் சக்கை ஒட்டிய ஒன்றரை அடிக்கு பெட் தேய்ந்திருந்தது. இது எல்லாப் பழைய லேத்துக்கும் உள்ளது. வேலை எப்போதும் சக் பக்கம்தான் நடக்கிறது, வெட்டும் டூலைச் சுமக்கும் சாடில் அங்கேயேதான் போய் வருகிறது, வார்ப்பிரும்புத் தூளும் அங்கேதான் கொட்டுகிறது. சக் பக்கம் சாடில் ஆடாதபடி ஜிப்பை (இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை) இறுக்கினால், எதிர்முனையில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கம் போகும்போது சாடில் சிக்கி நின்றுவிடும்.

ஜாப் ஒர்க் செய்கிறவர்களைப் பட்டியலிடும் ஓர் ஆன்லைன் சந்தையில்தான் அந்த பெட் கிரைண்டிங் பட்டறை கிடைத்தது. கோவைப் பக்கம். பெயருக்கு அருகில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்ற முத்திரை வேறு.

நம்ப வைத்தது அந்த முத்திரை அல்ல, அங்கிருந்த பெரிய மேஸ்திரி. நேரில் போனதும் விலை சொல்லவில்லை. “முதல்ல அளந்து பாத்துடலாங்க” என்றார். டெயில்ஸ்டாக்கின் அடிப்பாகத்தை மட்டும் பெட்டில் வைத்து, அதன் மேல் மேக்னடிக் ஸ்டாண்டை நிறுத்தி, டயல் கேஜின் முள்ளை சாடில் ஓடும் வி வடிவ வழியின் சரிவில் தொடவிட்டு மெதுவாக நகர்த்தினார். இதுதான் சரியான முறை. டெயில்ஸ்டாக் ஓடும் வழி அதிகம் தேயாது, அதையே அடிப்படையாக வைத்துத்தான் சாடில் வழியை அளக்க வேண்டும். சக் பக்கம் வந்ததும் முள் 22 கோடு இறங்கியது. சாக்பீஸை எடுத்து பெட்டின் மேலேயே ‘22’ என்று எழுதினார். “அரை மில்லி எடுத்தாப் போதுங்க. சாடிலை மில் பண்ணி டர்சைட் ஒட்டி, பழைய ஹைட்டுக்கே கொண்டுவந்துருவோம். ப்ளூ வெச்சுப் பாத்தா இன்ச்சுக்கு இருவது பாயிண்ட் நிக்கும்.” டர்சைட் என்பது சாடிலின் அடியில் ஒட்டும் வழுக்கும் பிளாஸ்டிக் ஷீட்; ப்ளூ என்பது எந்தப் புள்ளிகள் தொடுகின்றன என்று காட்டும் நீல மை. வேலை தெரிந்தவர் பேசுகிற பேச்சு. அந்த இடத்தில்தான் சந்தேகம் மொத்தமும் விட்டுப்போனது.

பெட் கிரைண்டிங் 32,000. சாடில் மில்லிங், டர்சைட், ஸ்கிரேப்பிங் எல்லாம் சேர்த்து 26,500. மொத்தம் 58,500. முன்பணம் 30,000. மீதி 28,500-ஐ வண்டியில் ஏற்றும் முன்பே வாங்கிக்கொண்டார்கள். பில் கேட்டதற்கு, “பில்லு போட்டா 18 பர்சென்ட் தனியா ஆகும்ங்க சார்” என்று துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். அளவுத்தாள் கேட்டதற்கு, “பெட்டைப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்குது. இதுக்கு எதுக்குங்க ரிப்போர்ட்டு?”

கண்ணாடி மாதிரிதான் இருந்தது. கையால் சுரண்டிச் சமன் செய்ததற்கு அடையாளமாக, பிறை பிறையாக ஸ்கிரேப்பிங் பூ வேறு.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக லெவல் செய்தது. மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டுகிற லெவலைச் சாடிலில் குறுக்காக வைத்து, சக் முனை, நடு, கடைசி என மூன்று இடத்திலும் ஒரு கோட்டுக்குள் கொண்டுவந்தாயிற்று. பெட்டில் முறுக்கு இல்லை என்பது இதில் உறுதி. அடுத்து டெஸ்ட் கட்: 40 மி.மீ. கம்பி, சக்கிலிருந்து 150 மி.மீ. வெளியே, டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாமல், இரு முனையிலும் ஒவ்வொரு வளையம் விட்டு 0.1 மி.மீ. லேசான கட். இரண்டு வளையத்துக்கும் விட்டத்தில் 0.11 மி.மீ. வித்தியாசம்! தேய்ந்திருந்தபோதுகூட அந்த லேத் இவ்வளவு டேப்பர் (ஒரு முனை பருத்து மறுமுனை சிறுப்பது) போடவில்லை.

காரணம் தேட ஹெட்ஸ்டாக்கைத் தூக்கிப் பார்த்தால், அது உட்காரும் இடத்தில் மிஷின் வந்த நாளிலிருந்தே காய்ந்து கிடந்த பச்சை பெயிண்ட் துளி அப்படியே ஒட்டியிருக்கிறது. கிரைண்டிங் டேபிளில் பெட்டைச் சமன் செய்ய வேண்டியது அந்த இடத்தை வைத்துத்தான். காலத்துக்கும் தேயாத இடம் அதுவே. துடைத்துவிட்டு டயல் முள்ளை ஓட்டியிருந்தால் அந்தத் துளி அங்கே இருக்க வழியில்லை. அவர்கள் தேய்ந்த வழியையே கண்ணால் பார்த்து வைத்து, நாலு மூலையிலும் கிளாம்பை முறுக்கி இறுக்கி ஓட்டியிருக்கிறார்கள். கால்களில் கிளாம்ப் கடித்த தழும்பு நாலும் தெரிகிறது. சாடில் போகிற பாதை ஒரு பக்கம், ஸ்பிண்டில் பார்க்கிற திசை இன்னொரு பக்கம். ஸ்பிண்டிலில் டெஸ்ட் பார் மாட்டி, சுழற்றி இரண்டு ரீடிங் எடுத்துச் சராசரி பார்த்ததிலும் 300 மி.மீ. நீளத்துக்குப் பக்கவாட்டில் 0.11 விலகல். டெஸ்ட் கட் சொன்ன கணக்கும் இதுவும் ஒன்றாகவே வருகின்றன.

சாடில் கதை இன்னும் மோசம். பூப்போட்ட இடத்தில் தின்னர் போட்டுத் துடைத்து நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொரு பிறையிலும் நகம் தட்டுகிறது. கிரைண்டிங் கோடு பிறைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அறுபடாமல் ஓடுகிறது. ப்ளூ பார்த்து உயரமான புள்ளியை மட்டும் சுரண்டியிருந்தால் பிறைகள் இப்படி அச்சடித்த மாதிரி வரிசையாக நிற்காது. ஹேண்ட் கிரைண்டரால் போட்ட கோலம் அது. ஸ்ட்ரெயிட் எட்ஜில் ப்ளூ தடவிச் சாடிலின் அடியில் வைத்துப் பார்த்தால் இரண்டு முனையில் மட்டும் ஒட்டுகிறது. இன்ச்சுக்கு இருபது பாயிண்ட் எங்கே?

டர்சைட் என்று காசு வாங்கி ஒட்டியிருப்பது வெள்ளை நைலான் ஷீட். மூலையை நகத்தால் நெம்பியதும் எழுந்து வந்தது. உண்மையான ஷீட்டின் ஒரு முகம் பசை பிடிக்க ரசாயனத்தில் ஊறவைத்துக் கரும்பழுப்பாக இருக்கும். அந்த முகத்தைத்தான் ஒட்ட வேண்டும். நைலான் கூலண்ட்டையும் ஈரத்தையும் உறிஞ்சி ஊதும். இன்றைக்கு வைத்த அளவு மழைக்காலத்தில் இருக்காது.

அதிலும் ஒரு கணக்குப் பிழை. 90 டிகிரி வி-யில் பெட் 0.5 மி.மீ. கீழே இறங்கினால், சரிவுக்குச் செங்குத்தாகப் போனது 0.35 மட்டுமே. ஃப்ளாட்டில், அதாவது பின்பக்கத் தட்டை வழியில், முழு 0.5. சாடிலில் ஈடுகட்டும்போது இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இவர்கள் இரண்டு பக்கமும் 1 மி.மீ. மில் செய்து 1.5 மி.மீ. ஷீட் ஒட்டிவிட்டார்கள். பின்பக்க ஃப்ளாட் சரியாகிவிட்டது, முன்பக்கம் 0.2 மி.மீ. தூக்கிக்கொண்டது. சாடிலின் முன்னால் தொங்கும் ஏப்ரனும் கூடவே எழுந்து சாய்ந்ததால், மரை வெட்ட லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் ஹாஃப் நட்டைப் போட்டதும் அந்த ஸ்க்ரூ வளைகிறது. நடுவில் போட்டால் தெரியாது. ஸ்க்ரூவின் முனையைத் தாங்கும் பிராக்கெட் அருகில் போட்டால் கைப்பிடி முழுதாக இறங்கவே இறங்காது.

போன் செய்தேன். முதல் நாள்: “புதுசா கிரைண்ட் பண்ணதுங்க சார், ஓட ஓட செட்டாயிடும்.” பாதையே கோணலாக இருக்கும்போது எது ஓடி எது செட்டாகும்? இரண்டாம் நாள்: “உங்க வீட்டுத் தரை சரியில்லைங்க. லெவலைப் பாருங்க.” லெவல் படத்தை அனுப்பினேன். மூன்றாம் நாள்: “மேஸ்திரி ஊருக்குப் போயிருக்காரு, வந்ததும் கூப்புடச் சொல்றேன்.” ஒரு வாரம் கழித்து, “நீங்க வீட்டுல வெச்சு ஓட்டுறவரு, இவ்வளவு டாலரன்ஸ் எதுக்குங்கண்ணா?” என்று குரல் பதிவு. வீட்டில் ஓட்டினால் 58,500 ரூபாய்க்கு மதிப்பு குறைந்துவிடுமா? இன்று காலை எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள்.

ஆன்லைன் சந்தைக்காரர்களைக் கேட்டால், பணம் எங்கள் வழியாகப் போகவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரே வரி. முத்திரை மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு. ஆனால் கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டும், பணம் அனுப்பிய ரசீதும், அந்தக் குரல் பதிவும்தான்.

பெட் புதுப்பிப்பதைப் படிப்படியாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது இருக்கிற மனநிலையில் இவ்வளவுதான் வருகிறது:

கிளாம்பைக் கழற்றிய பிறகு, டேபிளில் இருக்கும்போதே, உங்கள் டயலை வைத்து உங்கள் கையால் அளந்து பாருங்கள். கிளாம்ப் பிடித்திருக்கும்போது எந்த பெட்டும் நேராகத்தான் தெரியும். ஹெட்ஸ்டாக் உட்காரும் இடத்தை வைத்துத்தான் செட் செய்ய வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஷீட் ஒட்டும் முன் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி அடிமுகத்தைப் பாருங்கள். ப்ளூ டெஸ்ட்டை உங்கள் எதிரில் செய்யச் சொல்லுங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்; பாதிப் பணத்தையாவது வீட்டில் டெஸ்ட் கட் போடும் வரை பிடித்து வையுங்கள். புதிதாக மிஷின் வாங்குகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு காந்தம் கொண்டு போங்கள், பெயிண்ட்டுக்கு அடியில் பட்டி போட்டு விரிசலை மறைத்த இடத்தில் அது பிடிக்காது.

பெட் இப்போது இரண்டு மரக்கட்டை மேல் எண்ணெய் தடவிக் கிடக்கிறது. ஹெட்ஸ்டாக் இருக்கையை அடிப்படையாக வைத்து மறுபடி கிரைண்ட் செய்தால்தான் தீரும். அதற்கு இன்னும் 0.3 மி.மீ. போகும். அளவுத்தாள் கொடுத்து, பக்கத்தில் நிற்கவிட்டு வேலை செய்கிற பட்டறை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். இந்த முறை அந்த பெட்டை விட்டு நகராமல் நிற்கப்போகிறேன்.