மழையை அளக்க எது நம்பகம்: கை மழைமானியா, தானியங்கியா, வெள்ளக் கோடா?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் கொட்டியது 48 செ.மீ.க்கு மேல். எந்தக் கருவியையும் அந்த ஒரு நாளுக்குத் தாங்குமா என்றுதான் எடைபோட வேண்டும்.

எங்கள் முதல் தேர்வு கை மழைமானி. 10 செ.மீ. உள்விட்டமுள்ள புனல், கீழே கேன், அளவுக் குவளை, அவ்வளவுதான். புனல் வாயின் பரப்பு 78.5 சதுர செ.மீ. என்பதால் 7.85 மி.லி. தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. 2 லிட்டர் பாட்டில் வைத்தால் 255 மி.மீ.யிலேயே வழிந்துவிடும், 5 லிட்டர் கேன் வையுங்கள். 10.5 செ.மீ. புனலை 10 என்று எடுத்துக்கொண்டால் மழை 10 சதவீதம் கூடுதலாகக் காட்டும். புயல் காற்றில் சாயாதபடி கேனைப் பாதி புதைத்து, புனல் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் மட்டமாக இருக்கும்படி பாருங்கள். தினமும் காலை 8.30க்கு அளந்து, மழை இல்லாத நாளில் 0 என்று எழுதுங்கள். வெற்றுக் கட்டம் இருந்தால், மழை பெய்யவில்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்று பின்னால் உங்கள் குறிப்பேட்டைப் பார்க்கும் ஆய்வாளருக்குத் தெரியாது. மொட்டை மாடிதான் கதி என்றால் கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளி வைத்து, "மாடி" என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். அங்கே காற்று துளிகளை அடித்துக்கொண்டு போவதால் அளவு குறையும்.

தானியங்கியில் சின்ன வாளி நிரம்பிக் கவிழும் ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணிக்கை, பெரும்பாலும் 0.2 மி.மீ. கால் மணி நேரத்தில் எவ்வளவு கொட்டியது என்பதை இதுதான் சொல்லும். தெரு வடிகால் நிரம்புவது அந்தக் கால் மணியில்தான். ஆனால் அடைமழையில், வாளி கவிழும் நொடியில் விழும் தண்ணீர் கணக்கில் வராது. கம்பம் ஆடினால் பொய் எண்ணிக்கை ஏறும். இலையோ எறும்புப் புற்றோ துளையை அடைக்கும். மின்சாரமும் வைஃபையும் போனால், உள் நினைவகம் இல்லாத கருவிக்கு அந்த நேரத்துப் பதிவே கிடையாது. பக்கத்தில் கை மழைமானி இல்லாமல் இதை வைக்காதீர்கள்.

தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்களுக்கு, வெள்ளம் வடிந்தபின் சுவரில் நிற்கும் வெள்ளக் கோடு முக்கியம். 2024 டிசம்பரில் கடலூர்க் கரைகளில் ஏறிய தண்ணீர் ஆற்றின் மேல்பகுதியில் உள்ள சாத்தனூர் அணையிலிருந்து வந்தது. உங்கள் வீட்டு மழைமானி அதைக் காட்டாது. சுவரைக் கழுவுவதற்கு முன் வண்டல் கோட்டின் மேல் விளிம்பில் பென்சிலால் கோடிட்டு, தேதி எழுதி, டேப் வைத்துப் படம் எடுங்கள். ஈரக் கோட்டை நம்பாதீர்கள். செங்கல் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றியிருக்கும். வாசற்படியிலிருந்தும் அளக்காதீர்கள். வீட்டை உயர்த்திக் கட்டினால் படியும் உயர்ந்துவிடும்; பாலத்துக் கைப்பிடிச் சுவர் மாதிரி அசையாத ஒன்றிலிருந்து அளவிடுங்கள்.