வரப்புச் சண்டை: மக்கள் நீதிமன்றமா, அண்ணன் வீட்டு வாசலா?

குடியாத்தம் பக்கத்தில் ஒரு வரப்புக்காக அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போவது புதிதல்ல. அந்தப் பகையைத் தீர்க்க இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, வழக்குகளைச் சமரசமாகத் தீர்த்துவைக்கும் மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்). 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே ஆகும் சமரசம் கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஏற்கெனவே நடக்கும் வழக்கென்றால் கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். பத்திரத்தில் சிக்கல் இருந்தால் இதுவே நல்லது. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டு இருவரும் வேறு வேறு பஸ்ஸில் ஊர் திரும்பலாம்.

மற்றது, நேரே வீட்டுக்குப் போவது. வைகாசி முதல் நாள் அம்மனின் சிரசை, அதாவது தலையை, ஊர்வலமாக எடுத்துவரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரே உறவுகளை அழைக்கும். அதற்கு முந்தின வாரம் தம்பி படியேறி, "அண்ணா, சிரசுக்கு அண்ணியையும் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு சாப்பிட வாங்க" என்றால் போதும். வரப்புப் பேச்சே வேண்டாம். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அப்புறம் அண்ணி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவார். அதை வாங்கிக் குடித்துவிட வேண்டும்.

என்னைக் கேட்டால் வீட்டுக்குப் போவதுதான் முதலில். மனசில் உள்ள கசப்பை எந்தக் கையெழுத்தும் எடுக்காது. அடிதடி வரை போன சண்டையென்றால் மட்டும் தனியாகப் போகாமல் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். நிலத்தின் அளவை அப்புறம் சர்வேயரை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.