ஏறும்போது அற்புதம், இறங்கும்போது இருட்டு: ஸ்பேஸ்ஷிப் எர்த்

குடும்பத்தோடு அமெரிக்காவின் ஆர்லாண்டோ செல்லவிருக்கும் நண்பர் ஒருவர், அங்குள்ள டிஸ்னியின் எப்காட் கேளிக்கைப் பூங்கா வாசலில் நிற்கும் வெள்ளிப் பந்துக்குள், அதாவது ஸ்பேஸ்ஷிப் எர்த் சவாரிக்குள், போய்வர நேரம் ஒதுக்கலாமா என்று கேட்டார். பல ஆண்டுகளாக அதில் ஏறி இறங்குபவன் என்ற முறையில் சொல்கிறேன்.

குகை ஓவியத்திலிருந்து கணினிவரை மனிதர்கள் செய்தி பரிமாறிய கதைதான் இந்தச் சவாரி. பூங்காவோடு சேர்ந்து 1982 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. தொலைபேசி நிறுவனமான பெல் சிஸ்டம், 1984 முதல் ஏடி அண்ட் டி, பிறகு 2005 முதல் 2017 வரை சீமென்ஸ் என்று நிதியாதரவு தந்த நிறுவனங்கள் மாறின. இப்போது எந்த நிறுவனமும் இல்லை.

மேலே ஏறும் பாதியில் ஒரு குறைகூடச் சொல்ல எனக்கு மனம் வராது. ரோம் எரியும் இடத்தில் கருகல் வாசனை மூக்கில் ஏறும். சற்றுத் தள்ளி இரண்டு துறவிகள், அசையும் இயந்திரப் பொம்மைகள்தான், சுவடி படியெடுப்பார்கள். அதில் ஒருவர் மேசைமேல் சாய்ந்து அசந்து தூங்குகிறார். அவர் மூச்சு விடுவதுகூடத் தெரியும். அவரைப் பார்ப்பதற்காகவே நான் மறுபடியும் வரிசையில் நின்றிருக்கிறேன். உச்சியில் விண்மீன்களுக்கு நடுவே பூமி தெரியும்போது வண்டியில் யாரும் பேசமாட்டார்கள்.

அதன்பின் இருக்கை பின்பக்கமாகத் திரும்புகிறது. என் எரிச்சலும் அங்கேதான் தொடங்குகிறது. 2007-08 புதுப்பிப்பு, கதை சொல்ல பிரிட்டிஷ் நடிகை ஜூடி டென்ச்சின் குரலையும் புரூஸ் பிராட்டனின் இசையையும் தந்தது. இரண்டுமே அருமை. ஆனால், இறங்கும் வழியில் முன்பு இருந்த காட்சிகளை எடுத்துவிட்டு, வண்டிக்குள் ஒரு தொடுதிரையை வைத்துவிட்டார்கள். எப்படி வாழ ஆசை, எப்படி வேலை செய்ய ஆசை என்று அது கேட்கும்; ஏறும்போது எடுத்த நம் முகத்தை ஒரு கார்ட்டூன் உடலில் ஒட்டிக் காட்டும். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் 180 அடி உயரக் கோளத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, கையகலத் திரையை முறைத்தபடி இருட்டில் இறங்குவது என்ன நியாயம்? நாற்பதாயிரம் ஆண்டுக் கதைக்கு முடிவே எழுதாமல் விட்டதுபோல் இருக்கிறது.

2020-இல் தொடங்கவிருந்த பெரிய புதுப்பிப்பும் கொரோனாவால் தள்ளிப்போனது. அதே திரை, அதே கேள்விகள்.

அந்தப் பூங்காவில் இதைவிட அக்கறையோடு செய்த காட்சிகளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் நண்பரிடம், பட்டியலில் இதைக் கடைசியில் வையுங்கள், நேரம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள் என்றுதான் சொன்னேன். இறங்கும் வழியைச் சரிசெய்யும்வரை யார் கேட்டாலும் என் பதில் இதுதான்.