பழைய லீவர் ரைஃபிளுக்கு எது நியாயமான விலை: ஒரு வின்செஸ்டர் 94 உரிமையாளரின் அனுபவம்

பெங்களூருவில் விற்பனைக்கு வரும் பழைய வெளிநாட்டு வேட்டை ரைஃபிள்களில் பல, நான் பார்த்தவரையில், குடகு, சிக்கமகளூரு பக்கத்துக் காப்பித் தோட்டக் குடும்பங்களின் அலமாரிகளிலிருந்து வருபவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோனாலும் துப்பாக்கிகள் வீட்டிலேயே தங்கிவிட்டன. ஒருவர் மூன்றுக்குப் பதிலாக இரண்டு துப்பாக்கிகள் மட்டுமே வைத்திருக்கலாம் என 2019இல் சட்டம் திருத்தப்பட்டதும், மூன்றாவதைக் கைமாற்ற வேண்டிய நிலை பலருக்கு வந்தது. அப்படி வந்த, .30-30 என்ற அளவுத் தோட்டாவைச் சுடும் வின்செஸ்டர் 94 என்ற அமெரிக்க லீவர் ரைஃபிள் (விசையருகே உள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றுவது) ஒன்றைச் சில ஆண்டுகளாகச் சுடுதளத்தில் இலக்குத்தாளை நோக்கி மட்டும் பயன்படுத்திவருகிறேன்.

விலை பேசும்போது விற்பவர்கள் முதலில் காட்டுவது வால்நட் கட்டையின் பளபளப்பையும் வின்செஸ்டர் என்ற பெயரையும்தான். நான் முதலில் பார்க்கச் சொல்வது குழலின் வாயை. வின்செஸ்டர் 94இன் போல்ட்டை (குழலின் பின்வாயை அடைக்கும் இரும்புப் பாகத்தை) எளிதில் கழற்ற முடியாது என்பதால், பின்பக்கமிருந்து கம்பியைச் செலுத்திச் சுத்தம் செய்ய வழியில்லை. தலைமுறை தலைமுறையாக எல்லோரும் முன்வாய் வழியாகவே கம்பியை விட்டிருப்பார்கள். ஒரு பக்கமாக உரசி உரசி, அந்த முனையில் குண்டைச் சுழலவைக்கும் புரி வரிகள் மழுங்கி, வட்டமாக இருக்க வேண்டிய விளிம்பு லேசாக முட்டை வடிவம் கொண்டிருக்கும். நடுக்குழல் கண்ணாடிபோல் இருந்தாலும் குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்வது இந்த விளிம்பைத்தான் என்பதால், குறி சிதறும். சிறு டார்ச் விளக்கும் பூதக்கண்ணாடியும் இருந்தால் போதும். எனக்கு இதைக் காட்டித்தந்த அல்சூரைச் சேர்ந்த முதிய துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர், “தம்பி, கட்டைய அப்புறம் பாருங்க, வாயப் பாருங்க” என்றார். விளிம்பைத் திருத்திக் கடைந்துகொள்ள முடியும். ஆனால் அந்தச் செலவை விற்பவர்தான் விலையில் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு அமெரிக்க ரைஃபிளான மார்லின் 336இல் லீவரின் திருகைக் கழற்றினால் போல்ட் வெளியே வந்துவிடும். பின்வழியாகச் சுத்தம் செய்யலாம். அதனால் அதே வயதுடைய மார்லினில் குழல்வாய் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

1964இல் வின்செஸ்டர் நிறுவனம் செலவைக் குறைக்க 94இன் தயாரிப்பு முறையை மாற்றியதால், அதற்கு முந்தையவற்றைச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். வரிசை எண்ணைக் கொண்டு தயாரிப்புக் காலத்தை அறியலாம். ஆனால் சுடுவதற்காக வாங்குபவருக்கு, குழல் தேய்ந்த பழையதைவிடக் குழல் நன்றாக உள்ள பிந்தையதே மேலானது என்பது என் உறுதியான கருத்து. திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் தேர்ச்சியில்லாத கை உள்ளே போயிருக்கிறது என்று பொருள். தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, சுத்தியலைப் பாதி ஏற்றத்தில் (பாதி இழுத்த பாதுகாப்பு நிலையில்) நிறுத்தி விசையை அழுத்திப் பாருங்கள். சுத்தியல் நழுவினால் அந்தத் துப்பாக்கியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

அடுத்தது தோட்டா. நமது படைக்கலத் தொழிற்சாலைகளின் .315 அளவுத் தோட்டா போல .30-30 எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை கடுமை. குழாய் வடிவ மேகசினில் ஒரு தோட்டாவின் முனை முன்னிருப்பதன் பிரைமரை (அடிபட்டால் தீப்பற்றித் தோட்டாவை வெடிக்கவைக்கும் பாகத்தை) தொட்டுக்கொண்டிருப்பதால், கூர்முனைக் குண்டுகளை அதில் நிரப்பவே கூடாது. ஆகவே கிடைப்பதை வைத்துச் சமாளிக்கவும் இயலாது. அமெரிக்க விலைப் பட்டியலைக் காட்டிப் பேரம் பேசுவது இதனாலேயே பொருந்துவதில்லை. ஒழுங்கான தோட்டா வழி இல்லாத ரைஃபிளுக்கு, அதன் இரும்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், கேட்ட விலையில் கால் பங்காவது குறைத்துத்தான் நான் கேட்பேன்.

பணத்தை எப்போது கொடுப்பது என்பதும் விலையோடு சேர்ந்ததே. தனிநபர் தம் துப்பாக்கியை விற்கும்போது, வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாட்கள் கழிந்த பிறகே ஒப்படைக்கலாம் என்று 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் கூறுகிறது. வாங்குபவரிடம் அதே காலிபருக்கான (குழல் அளவுக்கான) உரிமமும் இருக்க வேண்டும். அதனால் நான் சிறு முன்பணம் மட்டும் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, மீதியை என் உரிமத்தில் ரைஃபிளின் எண் பதிவான பிறகே கொடுத்தேன்.