தரைவீட்டு வெளிச்சுவர்: சாயமா, பலகையா? சாரத்தை வைத்து ஒரு கணக்கு

சிங்கப்பூரில் வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் இருக்கும்வரை வெளிச்சுவர் நம் கவலை இல்லை. ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை நகர மன்றம் சாயம் பூசிவிடும். நிறம் பிடிக்கவில்லை என்று கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு மறந்துவிடுவோம். சொந்த மனையில் நிற்கும் தரைவீட்டுக்கு மாறியதும் அந்தச் சுவர் முழுக்க நம் தலையில் வந்து விழுகிறது. விற்ற ஆள் கடைசியாக எப்போது சாயம் பூசினார் என்பதைச் சன்னலுக்குக் கீழே வழியும் கறுப்புக் கோடுகளே சொல்லிவிடும்.

இந்தக் கட்டத்தில்தான் பலகை ஆசை வரும். பக்கத்து வரிசையில் யாரோ முகப்பு முழுக்க மரநிறப் பட்டை அடித்திருப்பார்கள். அல்லது அமெரிக்கர்கள் வீட்டுக்கு வெளிப்பலகை மாற்றும் காணொளி ஒன்று கண்ணில் படும். அந்தக் காணொளியை வைத்து இங்கே கணக்குப் போடக்கூடாது. அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு மரச்சட்டம்தான் எலும்பு. மழையை முதலில் தாங்குவது வெளிப்பலகை, அது போனால் உள்ளே சட்டம் உளுத்துவிடும். அதனால் பழசானதும் மாற்றியே ஆகவேண்டும். இங்கே நம் வீடுகள் கான்கிரீட் தூணும் செங்கல் சுவருமாகக் கட்டியவை. மழையைத் தடுப்பது பூச்சும் அதன் மேலிருக்கும் சாயமும். பலகை அடித்தால் அது சட்டைக்கு மேல் போட்ட கோட்டு: அழகு உண்டு, வெயிலுக்குக் கொஞ்சம் மறைப்பும் உண்டு, ஆனால் வீடு அதை நம்பி நிற்கவில்லை.

எனவே இங்கே கேட்கவேண்டியது சதுர அடிக்கு எவ்வளவு என்பதல்ல. உயரத்தில் ஆள் நின்று வேலை பார்க்க, குழாயும் பலகையும் வைத்துச் சாரம் கட்டவேண்டும். இருபது ஆண்டில் அதை எத்தனை முறை கட்டவேண்டியிருக்கும் என்பதுதான் கேள்வி.

சாரம் மலிவான சமாச்சாரம் இல்லை. நான்கு மீட்டருக்கு மேலிருந்து ஆள் விழக்கூடிய உயரம் என்றால், மனிதவள அமைச்சு அங்கீகரித்த சாரக் குத்தகையாளர்தான் அதைக் கட்டலாம். இரண்டு மாடி வரிசை வீட்டுக்கே அந்த உயரம் வந்துவிடும். இருபுறமும் வீடு ஒட்டிய நடுவீடாக இருந்தால் பின்பக்கம் போக வழி இருக்காது. குழாய்களையும் பலகைகளையும் வீட்டுக்குள் புகுந்தோ பின்சந்து வழியாகவோ கொண்டுபோகவேண்டும். பக்கத்து வீட்டு எல்லைக்குள் ஓர் அடி நுழைந்தாலும் அவர்களிடம் கேட்கவேண்டும். இத்தனையும் நடந்த பிறகுதான் தூரிகையோ துளைப்பானோ வெளியே வரும்.

அளவை முதலில் பார்ப்போம். நடு வரிசை வீட்டு மனைக்குக் குறைந்த அகலம் 6 மீட்டர். முகப்பு உயரம் கைப்பிடிச் சுவரோடு 8 மீட்டர் என்று வைத்தால் 48 சதுர மீட்டர். சன்னல், கதவுக்கு மூன்றில் ஒரு பங்கு போனால் மிச்சம் 32 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 345 சதுர அடி. பின்பக்கமும் அதே அளவு. நடுவீட்டுக்கு வேறு வெளிச்சுவர் கிடையாது. ஒரு பக்கம் மட்டும் இன்னொரு வீட்டோடு ஒட்டிய இரட்டை வீட்டுக்கோ மூலை வீட்டுக்கோ பக்கச்சுவர் ஒன்று கூடும். வீட்டின் ஆழம் 15 மீட்டர் என்றால் அந்த ஒரு சுவர் மட்டும் 120 சதுர மீட்டர், முகப்பைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. பலகை அடிக்க ஆசைப்படும் இரட்டை வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் இங்கேதான் பின்வாங்குவார்கள். பின்வாங்குவது நல்லதுதான்.

கீழே வரும் விலைகள் ஒப்பிடுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் குத்தகையாளர் சொல்லும் எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கின் போக்கு அதிகம் மாறாது.

சாயம்

முன்னும் பின்னும் சேர்த்து, சாரத்தோடு, ஒருமுறைக்கு 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைப்போம். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை என்றால் இருபது ஆண்டில் மூன்று தடவை, 15,000 வெள்ளி.

சாயத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது டின்னில் உள்ள பெயரைவிட அதைத் திறப்பதற்கு முன் நடக்கும் வேலை. ஆண்டுக்குச் சராசரி 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. ஈரப்பதமும் எந்நேரமும் உண்டு. சுவரில் படிவது வெறும் தூசி அல்ல, பாசி. அதை அழுத்த நீரால் கழுவி, பாசிக்கொல்லி அடித்து, காயவிட்டு, விரிசலைக் கீறி அடைத்து, அடிப்பூச்சு பூசி, அதன் மேல் இரண்டு பூச்சு. இதில் கழுவுவதையும் காயவிடுவதையும் குறைத்துத்தான் மலிவான விலைப்புள்ளி பிறக்கிறது. விலைப்புள்ளியில் 'வெளிச்சுவர் சாயம், முழு வீடு' என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால் அதை வாங்கிக்கொள்ளாதீர்கள். எத்தனை பூச்சு, எந்த வகை, விரிசலுக்கு என்ன செய்வார்கள் என்று எழுதித் தரச்சொல்லுங்கள். வெதர்ஷீல்டு, வெதர்பாண்ட் போன்ற வெளிச்சுவர்ச் சாயங்களுக்குள் எது மேல் என்று வாதாடுவதைவிட இதைப் பார்ப்பதில் பலன் அதிகம்.

இன்னொன்று. கறுப்புக் கோடு விழுவது பெரும்பாலும் தண்ணீர் சுவரை ஒட்டியே வழிவதால். கைப்பிடிச் சுவரின் தலையில் அலுமினியத் தகடு மூடி போட்டு, அதன் விளிம்பைச் சுவரைவிட்டுச் சற்று வெளியே நீட்டினால், சன்னல் திட்டின் அடியில் நீர்சொட்டுப் பள்ளம் ஒன்று வைத்தால், அந்த அழுக்குத் தண்ணீர் சுவரைத் தொடாமல் சொட்டிவிடும். சாரம் நிற்கும்போதே செய்தால் கூடுதல் செலவு சிறியது. இந்தக் கட்டுரையிலுள்ள எல்லாவற்றிலும் போட்ட காசுக்கு அதிகம் தரும் வேலை என்று எனக்குத் தோன்றுவது இதுதான். ஆனால் யாரும் புகைப்படம் எடுத்துப் போடமாட்டார்கள்.

மரத்தூள் பிளாஸ்டிக் பலகை

மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து வார்த்த பட்டைகள். இங்கே இப்போது அதிகம் விற்பது இதுதான். சதுர அடிக்குப் பொருத்துக்கூலியோடு 20 வெள்ளி என்றால் முகப்புக்கு மட்டும் 6,900. மூலைப் பட்டி, சாரம் சேர்த்து 8,500 என்று வையுங்கள்.

'இனிமேல் சாயம் பூசவேண்டாம்' என்று சொல்லித்தான் விற்பார்கள். முகப்பு வரைக்கும் உண்மை. ஆனால் பின்சுவருக்கும் பலகை இல்லாத மூலை முடுக்குகளுக்கும் சாயம் வேண்டுமே? அதற்கு மறுபடியும் சாரம். 5,000 என்பது 3,000 ஆகக் குறையலாம், பாதியாகக்கூட ஆகாது. மூன்று தடவைக்கு 9,000. ஆக இருபது ஆண்டுக்கு 17,500 வெள்ளி. சாயத்தைவிட 2,500 அதிகம், அதுவும் அந்தப் பலகை இருபது ஆண்டு தாங்கினால். அந்த முகத்தோற்றம் பிடித்திருந்தால் தாராளமாகப் போடலாம். மிச்சப்படுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு போடவேண்டாம்.

வெயிலில் இது நீளும், இரவில் சுருங்கும். இடைவெளி விடாமல் நெருக்கி அடித்தால் முட்டிக்கொண்டு வளையும். முதல் சில மாதங்களில் நிறம் கொஞ்சம் வெளிறும் என்பதால், கடையில் பார்த்த மாதிரித் துண்டை நம்பி நிறம் தேர்ந்தெடுக்காதீர்கள். வெளியே பிளாஸ்டிக் உறை போர்த்திய ரகம் அதிகம் தாங்கும், விலையும் அதிகம். கடற்கரைப் பக்கம், சிக்லாப், பாசிர் ரிஸ் போன்ற இடங்களில், திருகாணி 316 ரகத் துருப்பிடிக்கா எஃகு என்று விலைப்புள்ளியில் எழுதியிருக்கவேண்டும். பலகை நன்றாக இருக்கும்போதே திருகாணி துருப்பிடித்துச் சுவரில் பழுப்புக் கண்ணீர் வடிப்பதுண்டு.

உண்மை மரம்

செங்கால், பலாவ் இரண்டும் இந்த வட்டாரத்தின் உறுதியான மரங்கள். கிட்டப்போய்க் கையால் தடவினால் வேறு எதுவும் அதற்கு ஈடில்லை. சதுர அடிக்கு 35 வெள்ளி என்றால் முகப்புக்கு 12,000 தாண்டும். அது சிக்கலே அல்ல. நிறம் நரைக்காமல் இருக்க இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் பூசவேண்டும், மேல்மாடி உயரத்தில். ஒருமுறைக்கு 1,500 என்றாலும் ஒன்பது முறைக்கு 13,500. பின்சுவர்ச் சாயத்தையும் சேர்த்தால் 34,500 வெள்ளியைத் தொடுகிறது. நரைக்கட்டும் என்று விட்டுவிடும் மனம் இருந்தால் மட்டுமே இந்த மரம் மலிவு. வாசல் தூண், கைக்கெட்டும் உயரத்தில் ஒரு சிறு பட்டை என்று வைத்துக்கொண்டால் நாமே ஏணியில்லாமல் எண்ணெய் போட்டுக்கொள்ளலாம். மாவிலைத் தோரணம் கட்டவும் வசதி.

அலுமினியம், அதில் ஓர் எச்சரிக்கை

மரக்கோடு அச்சிட்ட முழு அலுமினியப் பட்டைக்குச் சதுர அடிக்கு 40 வெள்ளி என்றால் முகப்புக்கு 13,800, பின்சுவரோடு 22,800. உளுக்காது, கறையான் தொடாது, எப்போதாவது கழுவினால் போதும். முன்பணம் இருப்பவர்களுக்கு, பலகை வேண்டும் என்றே முடிவெடுத்துவிட்டவர்களுக்கு, என் தேர்வு இது.

ஆனால் இதே கடையில் அலுமினியக் கூட்டுத் தகடும் இருக்கும். இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே வேறொரு பொருளை வைத்து ஒட்டியது. நடுவே இருப்பது வெறும் பாலிஎதிலீன் என்றால் எரியும். 2017 மே 4ஆம் தேதி தோ குவான் சாலைக் கட்டடத்தில் தீ வெளிச்சுவர் வழியே ஏறியது, ஒரு பெண்மணி உயிரிழந்தார். விதிமுறைக்கு உட்படாத கூட்டுத் தகடுகள் அங்கே பொருத்தப்பட்டிருந்தன. அடுத்த மாதமே லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம், 72 பேர் பலி. தரைவீடு அவ்வளவு உயரமில்லை என்பது சமாதானம் ஆகாது, வரிசை வீட்டில் சுவரைப் பகிர்ந்துகொள்கிறோம். தீத் தரச் சான்றிதழைக் கேளுங்கள். கூட்டுத் தகட்டுக்கு மட்டுமல்ல, பிளாஸ்டிக் கலந்த பலகைக்கும் கேளுங்கள். 'எல்லாரும் இதைத்தான் போடுறாங்க' என்பது சான்றிதழ் அல்ல.

சிமெண்ட் நார்ப்பலகையைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. தீப்பிடிக்காது, விலையும் நியாயம். ஆனால் அதற்கும் மேலே சாயம் பூசவேண்டும், வெட்டிய விளிம்புகளையும் அடைக்கவேண்டும். சாயத்திலிருந்து தப்பிக்கப் பலகை போட்டுவிட்டு அந்தப் பலகைக்குச் சாயம் பூசுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. மேல்மாடியில் ஓடு, கல் ஒட்டுவதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 13 மீட்டருக்கு மேல் உயர்ந்த, 20 ஆண்டு தாண்டிய கட்டடங்களுக்கு ஏழு ஆண்டுக்கு ஒருமுறை வெளிச்சுவர்ச் சோதனை 2022 முதல் கட்டாயம் ஆனதே மேலிருந்து பொருள்கள் விழுவதால்தான். தரைவீட்டுக்கு அந்த விதி இல்லை, புவியீர்ப்பு உண்டு.

பலகைக்குச் சாதகமாக ஒன்றே ஒன்று சொல்லவேண்டும். வீடு மேற்குப் பார்த்திருந்தால் கணக்கு மாறும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் கிழக்கு, மேற்குச் சுவர்கள்தான் ஆண்டு முழுக்க வெயிலை வாங்குகின்றன. பலகைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்றுப் போக வழி வைத்தால், சூடு பலகையோடு நின்று மேலே போய்விடும். மாலையில் அந்த அறை கொதிக்காது. குளிர்சாதனத்தை நம்பியே படுக்கும் வீட்டுக்கு அது மாதா மாதம் தெரியும். காற்றுவழி இல்லாமல் சுவரோடு ஒட்டி அடித்தால் இந்தப் பலன் பெருமளவு போய்விடும். அந்த இடைவெளியில் குளவியும் பல்லியும் குடியேறாமல் இருக்க வலை வேண்டும். குளிர்சாதனக் குழாய் ஓடும் இடத்தில் கழற்றி மாட்டும்படி ஒரு பகுதியை விடச்சொல்லுங்கள், இல்லையென்றால் குழாய் கசியும் அன்று பலகையை உடைக்கவேண்டிவரும்.

பழைய பேட்டைகளில், சிராங்கூன் கார்டன் போன்ற இடங்களில், வீடு வாங்கியவர்களுக்கு முதல் செலவு வேறாக இருக்கலாம். 1991 ஜனவரி 1க்கு முன் கட்டிய வீடு என்றால், உடைக்கும் வேலை எதையும் தொடங்குமுன் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறதா என்று தகுதிபெற்றவரைக் கொண்டு சோதிக்கவேண்டும். பழைய நெளிதகட்டுக் கூரையிலும் முன்சாய்ப்பிலும் அது இருக்க வாய்ப்புண்டு. இருந்தால் அகற்றுவதும் அங்கீகாரம் பெற்றவர்கள் வேலை, அதற்குத் தனி விலைப்புள்ளி. லிட்டில் இந்தியா போல 1989இலேயே பழைய கட்டடங்களுக்கான மரபுப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்தில் கடைவீடு வைத்திருப்பவர்கள் பலகைப் பேச்சையே எடுக்கவேண்டாம். முகப்பில் கைவைக்குமுன் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளைப் பார்க்கவேண்டும். சுண்ணாம்புப் பூச்சுள்ள பழைய சுவருக்கு ஈரம் வெளியேற விடும் சாயம்தான் ஏற்றது.

விலைப்புள்ளிகளை அருகருகே வைக்கும்போது பொருள் சேவை வரி சேர்த்தா சேர்க்காமலா என்று பாருங்கள். 2024 முதல் அது 9 விழுக்காடு, 15,000 வெள்ளிக்கு 1,350. சாரம் எத்தனை நாளைக்கு, மழையால் தள்ளிப்போனால் அதிகம் கேட்பார்களா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். தீபாவளிக்கு முன் முடித்துவிடலாம் என்று அக்டோபரில் கூப்பிட்டால் அடுத்து வருவது வடகிழக்குப் பருவமழை. அது முடிவதற்குள் சீனப் புத்தாண்டு அவசரத்தில் எல்லாருக்கும் ஆள் வேண்டும். பிப்ரவரி இங்கே பொதுவாக மழை குறைந்த மாதம். புத்தாண்டு முடிந்த வாரம் அழைத்தால் ஆளும் கிடைப்பார், சுவரும் காய்ந்திருக்கும்.