ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ: வருஷத்தைக் கேட்காதீர்கள், சேசிஸ் எண்ணைக் கேளுங்கள்

பிரிட்டனில் பழைய ரோல்ஸ் ராய்ஸ் ஒன்று விலைக்கு வருகிறதென்றால் பெரும்பாலும் அது ஷேடோவாகத்தான் இருக்கும். 1965 முதல் 1980 வரை க்ரூ தொழிற்சாலையிலிருந்து வந்தது. முதல் வகை மட்டுமே 16,000 வண்டிகளுக்கு மேல். வெளித்தோற்றத்தைப் பெரிதாகத் தொடாமல் உள்ளுக்குள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அதனால் விற்பனை விளம்பரங்களில் ஒரு வருஷத்து விவரம் வேறொரு வருஷத்து வண்டிமேல் ஒட்டியிருப்பது சாதாரணம்.

முக்கியமான மாற்றங்கள் இவை. தொடக்க கால வலதுபக்க ஸ்டீயரிங் வண்டிகளில் நான்கு வேக ஹைட்ராமேட்டிக் கியர்; 1968-இல் எல்லாவற்றுக்கும் ஜெனரல் மோட்டார்ஸின் மூன்று வேக டர்போ ஹைட்ராமேட்டிக் 400 வந்தது. பாரம் ஏறினாலும் வண்டியின் உயரத்தைச் சமமாக வைக்கும் அமைப்பு முன்பக்கத்தில் 1969-இல் நீக்கப்பட்டது. 1970-இல் வி8 என்ஜின் 6,230 சிசியிலிருந்து 6,750 சிசி ஆனது, சிலிண்டர் துளை 104.1 மி.மீ. அப்படியே இருக்க, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) மட்டும் 91.4-லிருந்து 99.1 மி.மீ. ஆனது. 1974-இல் அகலமான டயரும் அதற்கேற்ப விரிந்த மட்கார்டும். 1977-இல் ஷேடோ II: ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங், கறுப்பு ரப்பர் பம்பர். குதிரைத்திறனைக் கம்பெனி 'போதுமான அளவு' என்று மட்டுமே சொல்லிவந்தது; விளம்பரத்தில் காணும் எண் யாரோ கணித்தது.

சேசிஸ் எண்ணின் முதல் எழுத்து எஸ் என்றால் சாதாரண நான்கு கதவு வண்டி, எல் என்றால் நீளமானது. இரண்டாவது ஆர் என்றால் ரோல்ஸ் ராய்ஸ், பி என்றால் இதன் பென்ட்லி வகை. மூன்றாவது எச் என்றால் வலதுபக்க ஸ்டீயரிங், எக்ஸ் என்றால் இடதுபக்கம். தனி அடிச்சட்டம் (சேசிஸ்) இல்லாமல் உடலையே சட்டமாக்கிய முதல் ரோல்ஸ் ராய்ஸ் இது. 'சேசிஸ் எண்' என்ற பெயர் மட்டும் பழக்கத்தில் நின்றுவிட்டது. இந்த எண்ணை வைத்து, நார்தாம்ப்டன்ஷயரின் பாலர்ஸ்பரியில் ஹன்ட் ஹவுஸில் இருக்கும் ஆவணக் காப்பகத்தில் கட்டணம் செலுத்தித் தொழிற்சாலைப் பதிவின் பிரதி கேளுங்கள். முதல் நிறமும் உள்தோலும் அதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். 40 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2018 மே முதல் எம்.ஓ.டி. (ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை) கட்டாயமில்லை என்பதால், ஓடிய தூரத்துக்கு ஆதாரம் பழைய சோதனைச் சான்றிதழ்கள்தான். அவை இல்லையென்றால் மைலேஜை நம்பி விலை பேசாதீர்கள்.

பணத்தை விழுங்குவது ஹைட்ராலிக்ஸ். சிட்ரோயன் உரிமம் பெற்ற உயர் அழுத்த அமைப்பு இது. பிரேக்கும் சமன் அமைப்பும் ஒரே திரவத்தில் இயங்குகின்றன. ஓட்டிப் பார்ப்பதற்கு முன் இதைச் சோதியுங்கள். என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சாவியை மறுபடி ஆன் செய்து, அழுத்த எச்சரிக்கை விளக்கு எரியும்வரை பிரேக்கை மிதித்து மிதித்து எண்ணுங்கள். 40-ஐத் தாண்டினால் நிம்மதி. 20-க்குள் எரிந்தால் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும், நைட்ரஜன் அடைத்த அக்யுமுலேட்டர்களைச் செப்பனிட வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஊற்ற வேண்டியது ஆர்ஆர்363 திரவம் மட்டுமே. அதில் கலந்துள்ள ஆமணக்கெண்ணெய்தான் கேம்ஷாப்ட் இயக்கும் பம்புகளுக்கு மசகு. சாதாரண டாட் 4 பிரேக் திரவம் ஊற்றினால் பம்பு தேயும். 1980-க்குப் பிந்தைய சில்வர் ஸ்பிரிட்டுக்கான மினரல் ஆயிலை ஊற்றினால் சீல்கள் எல்லாம் உப்பிப் போகும், மொத்த அமைப்பையும் பிரிக்க நேரிடும். திரவத் தொட்டியின் மூடியைத் திறந்து என்ன ஊற்றியிருக்கிறது என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

என்ஜின் அலுமினியம், உள்ளே இரும்பு லைனர்கள் (சிலிண்டர் உறைகள்). துரு தடுக்கும் கூலன்ட்டை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றாத வண்டியில் அரிப்பு உள்ளே நடந்துகொண்டிருக்கும், வெளியே எதுவும் தெரியாது. பில்களில் அந்தத் தேதிகளைத் தேடுங்கள்.

கதவு, பானெட், டிக்கி மூடி மூன்றும் அலுமினியம். அவை பளபளப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். துரு பிடிப்பது கதவுக்குக் கீழுள்ள 'சில்' பட்டை, பின்சக்கர வளைவு, முன்மட்கார்டின் அடி. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அந்த இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் புட்டி பூசியிருக்கிறது.

ஓட்டுவதற்கு ஷேடோ II நல்லது, ஸ்டீயரிங் கூர்மையாக இருக்கும். அழகுக்கு 1970–73 குரோம் பம்பர் வண்டி. எந்தக் கணக்கில் பார்த்தாலும், பில் கட்டு இல்லாத மலிவு ஷேடோ எங்கள் தேர்வில் வராது.