துருக்கி குலெட் படகுப் பயணத்துக்கு அட்வான்ஸ் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

துருக்கியின் தென்மேற்குக் கரையோரமாக ஃபெத்தியேவிலிருந்து ஒலிம்போஸ் வரை மரப்படகில் போகும் பயணத்துக்கு யாராவது பணம் கட்டத் தயாராக இருந்தால் தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். அம்மா, தங்கை, தங்கை வீட்டுக்காரர் என்று குடும்பமாகப் போய் நாங்கள் பட்டதை எழுதுகிறேன். ஏஜென்சியின் பெயரைப் போட்டு எழுதினால் நாளைக்கே வேறு பெயரில் கடையைத் திறப்பார்கள், அதனால் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

குலெட் என்பது அந்தக் கரையின் பழைய மரப்படகு. போத்ரும், போஸ்புருன் என்ற ஊர்கள் பக்கம் கட்டுவார்கள். கடற்பஞ்சு எடுக்கவும் சரக்கு ஏற்றவும் போன படகுகள், பிறகு உல்லாசப் பயணத்துக்கு மாறின. 1925-இல் தண்டனையாக போத்ருமுக்கு அனுப்பப்பட்ட எழுத்தாளர் ஜெவாத் ஷாகிர், பின்னாளில் நண்பர்களோடு அப்படிப்பட்ட படகுகளில் கரையோரமாகச் சுற்றியதிலிருந்துதான் ‘நீலப் பயணம்’ என்ற பெயரே பிரபலமானது. இந்தக் கதையை எல்லா ஏஜென்சியும் விளம்பரத்தில் போடுகிறது, எங்களுக்கு விற்றவரும் போட்டிருந்தார். கூடவே படங்கள்: பாய்மரத்தில் வெள்ளைப் பாய் விரித்த புதுப் படகு, முன்தளத்தில் நீல மெத்தைகள், ஏசி உள்ள அறை. பணம் கட்டும் முன்பே நான் எழுத்தில் கேட்டேன், இதே படகுதானா, இரவு முழுக்க ஏசி ஓடுமா, அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று. மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்று பதில் வந்தது. அட்வான்ஸ் கார்டில் போனது, மீதியை யூரோவாக ரொக்கத்தில் துறைமுகத்தில் தர வேண்டும் என்றார்கள்.

துறைமுகத்தில் நின்றது வேறு படகு. ஒப்பந்தத்தில் ஒரு பெயர், படகின் பின்பக்கத்தில் இன்னொரு பெயர், கைப்பிடிக் கம்பியில் தொங்கிய உயிர்காப்பு வளையத்தில் வெள்ளைப் பெயின்டுக்கு அடியில் மூன்றாவதாக ஒரு பெயர். கேட்டால், ரொக்கம் வாங்க வந்த ஆள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி ‘அல்லது அதே தரமுள்ள படகு’ என்ற பொடி எழுத்தைக் காட்டினார். எது அதே தரம்? அறைக்குள் டீசல் வாடையும் கழிவறை வாடையும் சேர்ந்து மூச்சை அடைத்தது, ஜன்னல் திறக்கவில்லை, இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்கள், ஏசியும் அதோடு சரி. எங்கள் பைகள் ஏற்கெனவே படகில் ஏறியிருந்தன, பின்னால் மற்ற பயணிகள் நின்றார்கள், அந்த நெருக்கடியில்தான் பணத்தை வாங்குகிறார்கள். பழைய படகை இப்படித்தான் தலையில் கட்டுகிறார்கள்.

பாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதற்காகவே போகிறார்கள். அங்கே பெரும்பாலான குலெட்டுகள் மோட்டாரில்தான் ஓடுகின்றன, எங்கள் படகில் பாய் சுருட்டிக் கட்டிய கயிறு வெயிலில் வெளுத்துப்போயிருந்தது, கடைசிவரை அதை யாரும் அவிழ்க்கவில்லை.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. ஒலுதெனிஸ் கடற்கரையைத் தாண்டினால் கல்கான் ஊருக்குப் போகும் வழியில் ‘ஏழு முனைகள்’ என்று ஒரு பகுதி வரும், ஒதுங்க இடம் குறைவு, கோடையில் மதியத்துக்கு மேல் காற்று ஏறும், அதனால் அனுபவமுள்ளவர்கள் விடியும் முன்பே அதைக் கடந்துவிடுவார்கள். எங்களை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கொண்டுபோனார்கள், காலையில் மோட்டாரில் ஏதோ பழுது பார்த்துக்கொண்டிருந்ததால். படகு ஆடிய ஆட்டத்தில் அம்மா தளத்தில் கிடந்த மெத்தையைப் பிடித்தபடி வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார், உயிர்காப்பு அங்கி எங்கே என்று கேட்டபோது பூட்டிய பெட்டியின் சாவியைத் தேடினார்கள். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் படகில் ஏறியதும் முதல் வேலையாக அந்த அங்கிகளை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

சைவச் சாப்பாடு என்பது அங்கே கஷ்டமே கிடையாது. கத்திரிக்காய், பீன்ஸ், தயிர், ரொட்டி எல்லாம் அவர்களின் அன்றாடச் சாப்பாடு. ஆனால் படகில் யாருக்கும் தகவலே போகவில்லை. சமையல்காரப் பையன் சங்கடத்தோடு தக்காளியும் வெள்ளரிக்காயும் நறுக்கித் தந்தான், பாவம், அவன் மேல் குறையில்லை. கேப்டனும் ஒரு கட்டத்தில் வெளிப்படையாகவே பேசினார்: நாங்கள் கட்டிய பணம் இரண்டு கை மாறித்தான் அவருக்கு வந்ததாம், எங்களுக்கு என்னென்ன சொல்லியிருந்தார்கள் என்றே அவருக்குத் தெரியாதாம். அதை நான் நம்புகிறேன்.

அப்புறம் பில். குடிபானம் கட்டணத்தில் சேராது என்பது அங்கே வழக்கம், தண்ணீருக்கும் சில படகுகளில் காசு. அறை எண் போட்ட ஒரு நோட்டில் கோடு கோடாகக் கிழித்து வைக்கிறார்கள். கடைசி இரவு பார்த்தால் அம்மாவும் தங்கையும் இருந்த அறைக்கான தாளில் பீருக்குக் கீழே வரிசையாகக் கோடுகள்! சண்டை போட்டுத்தான் நீக்க முடிந்தது. தினமும் இரவு அந்த நோட்டைப் பார்த்துப் போட்டோ எடுத்துவிடுங்கள்.

பழைய நகரத்தின் இடிபாடுகள் கடலில் மூழ்கிக் கிடக்கும் கெகோவா தீவுப் பக்கம் அழகுதான், மறுக்கவில்லை. கலேகோய் கோட்டைக்குக் கீழே தண்ணீருக்குள் நிற்கும், லிசியர் என்ற பழங்கால மக்களின் கல்லறையை அம்மா அத்தனை ஆசையோடு பார்த்தார். மூழ்கிய இடிபாடுகளுக்கு மேல் நீந்தத் தடை உண்டு, எங்கள் ஏஜென்சியோ ‘மூழ்கிய நகரத்தில் நீச்சல்’ என்று விற்றிருந்தது. ஒலிம்போஸ் வரை படகு என்பதும் அப்படியே: பெரும்பாலும் அதற்கு முன்பே தெம்ரே என்ற ஊரில் இறக்கி, மீதி தூரம் பஸ்ஸில்தான்.

துருக்கியில் பயண ஏஜென்சிக்கு உரிமம் கட்டாயம், துர்சாப் என்ற சங்கத்தின் இணையதளத்தில் உரிம எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். எங்களுக்கு விற்றவரின் ரசீதில் இருந்த எண் வேறொரு நிறுவனத்துடையது என்று திரும்பி வந்த பிறகு தெரிந்தது. படகின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், ‘அதே தரமுள்ள’ என்ற வரியை அடிக்கச் சொல்லுங்கள், ரொக்கம் கேட்டால் விலகிவிடுங்கள். படங்களையும் மின்னஞ்சல்களையும் வைத்து வங்கியில் புகார் கொடுத்ததில் கார்டில் கட்டிய அட்வான்ஸ் திரும்பி வந்தது. துறைமுகத்தில் கொடுத்த யூரோவுக்கு ஏஜென்சி கையை விரித்துவிட்டது, துர்சாப்புக்கும் எழுதியிருக்கிறேன், பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.